சோறு வடிக்கும்போது எரிந்த விளக்கு

1978 அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் விடிவதற்கு முன்பே எழுந்தேன். கூடத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன்; அது ஞாயிறுதோறும் செய்கிற வேலை. பால் வாங்கி வந்தேன். இரவு பெய்த மழை முற்றத்தில் இன்னும் வடியவில்லை. மேற்கே கடம்பத்தூர்ப் பக்கம் வானம் கறுத்திருந்தது. சவரம் செய்து, குளித்து, காபி குடித்தபின் சமையற்கட்டுக்குப் போனேன். அங்கே அலமாரித் தட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்கு மின்சாரம் தரும் நான்கு பேட்டரிக் கட்டைகளையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆறு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. போதுமானதுதான். பெட்டியிலிருந்து கிளம்பிச் சுவரோரமாக ஓடும் கம்பியை எங்காவது எலி கடித்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே முன்னறை வரை நடந்தேன். முன்னறையில் மகளின் கட்டிலை ஒட்டிக் கட்டிய சேலைத் தூளியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டுச் சுவரில் கம்பி முடிந்தது. அந்த முனையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கி தொங்கியது.

ஒலிபெருக்கி என்றாலும் இங்கே அதற்குக் காதின் வேலை. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து கழற்றியது. குழந்தை அழுதால் அதன் காகிதக் கூம்பு அதிரும். அந்த அதிர்வு கம்பி வழியாகச் சமையற்கட்டுப் பெட்டிக்குப் போய், மூன்று டிரான்சிஸ்டர்களில் ஏறிப் பெரிதாகி, பெட்டியின் மேலே பொருத்திய டார்ச் பல்பை எரிய வைக்கும். அழுகை நின்ற சில நொடிகளில் பல்பு அணைந்துவிடும். அவ்வளவுதான் அந்தச் சாதனம். என் மனைவிக்காகச் செய்தேன்.

அவளுக்குக் காது கேட்காது. ஊரையே எழுப்புகிற லாரிச் சத்தம் கேட்கும். கதவைப் படீரென்று சாத்தினால் தெரியும். மெல்லிய, கூர்மையான ஓசை எதுவும் எட்டாது. பத்து வருடங்களுக்கு முன் அவளுக்குக் காசநோய் வந்தபோது மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். நோய் போயிற்று. வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், "காக்காங்கல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். அவை முற்றத்துச் சுவரில்தான் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து நாங்கள் அவள் முகத்துக்கு நேரே நின்று பேசப் பழகினோம். அவள் உதடுகளைப் படிக்கப் பழகினாள். எங்களைவிட அவள் விரைவாகக் கற்றுக்கொண்டாள்.

எங்கள் ஒரே மகள் திருவள்ளூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். மருமகன் வடக்கே ஓர் உருக்காலையில் வேலை பார்க்கிறார். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மகளின் பிரசவ விடுமுறை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவேண்டும். பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் ஆடி மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசாத பேச்சு. நான் தாலுகா அலுவலகத்தில் நில அளவை வரைபடம் போடுகிறவன். பகலில் வீட்டில் இருக்கமாட்டேன். கடம்பத்தூரில் சம்பந்தியம்மா இருந்தார். நிலமும் இரண்டு கறவை மாடுகளும் உள்ள வீடு. குழந்தையோடு மகளும் அங்கே போய்விட்டால், ரயிலில் வேலைக்கு வந்துபோகலாம். நியாயமான யோசனைதான்.

குழந்தைக்குக் காப்பு போட்ட நாளில் சம்பந்தியம்மா கூடத்தின் அந்தக் கோடியில் நின்று மகளிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒங்கம்மா தங்கமானவங்கதான். ஆனா காது கேக்காத எடத்துல எப்படிம்மா கொயந்தய வுட்டுட்டுப் போவ? வீல்னு கத்தனா யாருக்குத் தெரியும்?"

அன்று இரவு சாப்பாடு போடும்போது மனைவி என்னிடம், "அவங்க சொன்னது ஒண்ணும் தப்பு இல்லீங்க. ஆனா நான் அவங்க ஒதட்டயே பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

மறுநாளே நான் அந்தப் பெட்டியைச் செய்யத் தொடங்கினேன்.

புரட்டாசி முழுக்க அது பிசகில்லாமல் வேலை செய்தது. மனைவி அடுப்பின் முன்னால் நிற்பாள், பல்பு எரியும், கையைத் துடைத்துக்கொண்டு போவாள். குழந்தை தானாகச் சிரித்தால்கூட சில சமயம் எரியும். அதற்கும் போய்ப் பார்ப்பாள். மகள் அந்த நாட்களில் முன்னறையிலேயே இருந்ததால், இருவரும் ஒரே நேரத்தில் தூளியின் முன் வந்து நிற்பார்கள். "நான்தான் இருக்கேன்ல, நீ ஏம்மா ஓடியாற?" என்பாள் மகள். மனைவி தூளியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். தனியாகப் பார்த்துக்கொள்ளப் பழகிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

ஆயுதபூஜை முடிந்து ஐப்பசி பிறந்தபின் பெட்டி பேஜாரு கொடுக்க ஆரம்பித்தது. குழந்தை தூங்கும்போது பல்பு எரிந்தது. நான் அலுவலகத்திலிருந்து வந்து பார்க்கும்போது ஒழுங்காக இருந்தது. மறுநாள் மறுபடி எரிந்தது. மின்சுற்றுகளோடு பழகியவர்களுக்குத் தெரியும்: செத்த சுற்றைச் சரிசெய்வது எளிது, சில நேரம் நன்றாகவும் சில நேரம் கெட்டும் இருக்கிற சுற்றுதான் மனிதனை வாட்டும். வியாழக்கிழமை மாலை பெட்டியை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து, ஈயம் வைத்த ஒவ்வொரு பற்றாசு இணைப்பையும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தன. மூடி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் சம்பந்தியம்மா வந்தார். ஒரு தூக்கு நிறையப் பாலும் ஒரு பையில் கீரையும் கொண்டுவந்திருந்தார். பேத்தியைப் பார்க்க வருவதாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் குழந்தைத் துணிகளை வைக்க ஒரு காலி டிரங்குப் பெட்டியும் கையில் இருந்தது. அதை வாசற்கதவுக்குப் பின்னால் வைத்தார். எல்லோரும் அதைப் பார்த்தோம்.

"இதான் அந்த லைட்டா, சம்பந்தி?" என்று சமையற்கட்டில் நின்று பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"ஆமாங்க. கொயந்த அழுதா எரியும்" என்றாள் மனைவி. அவள் குரல் எப்போதும் தேவைக்குச் சற்று அதிகமாகவே ஒலிக்கும். அன்று அதில் பெருமையும் சேர்ந்திருந்தது.

மகள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கப் போனாள். சம்பந்தியம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாரத்தாள் படித்தேன். மனைவி சோறு வடித்தாள். வடித்த கையோடு பல்பு எரிந்திருக்கிறது. ஈரக் கையுடன் முன்னறைக்கு ஓடினாள். குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஓடிய வேகத்தில் தூளிமேல் கை பட்டு அது விழித்துக்கொண்டு சிணுங்கியது. தட்டித் தூங்க வைத்துவிட்டுத் திரும்பினாள். சம்பந்தியம்மா கீரைக்காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தார்.

சமையற்கட்டில் பல்பு இன்னமும் எரிந்துகொண்டிருந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. மனைவி மறுபடி போய்ப் பார்த்தாள், தூக்கம். மூன்றாவது முறை எரிந்தபோது அவள் போகவில்லை. அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அந்த முறை குழந்தை நிஜமாகவே அழுதது.

நான் எழுவதற்குள் மகள் குளியலறையிலிருந்து ஓடிவந்துவிட்டாள். தலையெல்லாம் சீயக்காய். புடவையை அள்ளிச் சுற்றியிருந்தாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். மனைவி திரும்பிப் பார்த்தாள். மகளையும், குழந்தையின் நனைந்த கன்னத்தையும், எரிகிற பல்பையும். மகள் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "பரவால்லம்மா" என்றாள். அதற்குப்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள், குழந்தையோடேயே. சம்பந்தியம்மா பின்னாலேயே போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

என் சாதனம் செய்த கெடுதல் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. எரியாத விளக்கைவிட வீணாக எரிகிற விளக்கு மோசம். எரியாமல் இருந்திருந்தால் அவள் பழையபடி அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

சமையற்கட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுக்கக் கை நீட்டினேன். பிறகு எடுக்காமல் நிறுத்திக்கொண்டேன். வியாழக்கிழமை நான் செய்த பிழை அதுதான் என்று தோன்றிற்று. நோய் கண்ட இடத்தில் வைத்தே நோயாளியைப் பார்க்கவேண்டும். முற்றத்துக்குக் கொண்டுபோனால் முற்றத்தில் அது நன்றாகத்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து என் நண்பன் வந்தான். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது கும்மிடிப்பூண்டியில் எழும்பிக்கொண்டிருக்கும் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தலைமை எலக்ட்ரீஷியன். எளாவூரில் வீடு. பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி, மாதம் ஒரு ஞாயிறு வருவான். வந்தால் நாஷ்டா, அதாவது காலைப் பலகாரம், கேட்பான். மணி பன்னிரண்டானாலும் அதற்குப் பெயர் நாஷ்டாதான்.

"இன்னாடா, எழவு வுயுந்த மாரி மூஞ்ச வெச்சிக்கினு கீற?" என்று கேட்டுக்கொண்டே சமையற்கட்டுக்குள் வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கி, "இன்னா தங்கச்சி, லைட்டு மக்கர் பண்ணுதா?" என்றான்.

"அது நல்லாத்தான் எரியுது அண்ணே. எப்ப எரியணும்னுதான் அதுக்குத் தெரியல."

நான் நடந்ததைச் சொன்னேன். அவன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். "மூணு டிரான்சிஸ்டரையும் பிச்சி எறிஞ்சிட்டு புச்சா போடு. ஃபேக்டரில நாங்க அப்டித்தான். மோட்டார் மொண்டி பண்ணா, சந்தேகப்பட்டதெல்லாம் மாத்திடுவோம்."

"மாத்தி ஓடிச்சின்னா எது கெட்டுப்போச்சின்னு எப்படித் தெரியும்?"

"ஓடிச்சின்னா எனக்கு எதுக்குடா தெரியணும்? ஒனக்கு எல்லாத்துக்கும் கணக்கு வேணும்."

எனக்கு வேண்டியிருந்தது. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், மாற்றிய பின் காத்திருந்து பார்க்கவேண்டும் என்பது நான் பல வருடங்கள் பல சுற்றுகளைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டது. புதிதாக இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கையில் எடுப்பதைக் கூடுமானவரை தள்ளிப்போடுங்கள். முதலில் மின்சாரம் வருகிறதா பாருங்கள். பிறகு சுற்றை மனதுக்குள் இரண்டாக வெட்டி, குறை எந்தப் பாதியில் என்று கேளுங்கள். பாதியில் பாதி என்று போனால் எவ்வளவு பெரிய சுற்றும் சீக்கிரம் சின்னதாகிவிடும்.

பேட்டரி காலையிலேயே பார்த்தாயிற்று. முன்னறையிலிருந்து வரும் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றினேன். இப்போது பெட்டிக்குக் காதே இல்லை. அப்படியும் பல்பு எரிந்தது. ஆகவே குழந்தைப் பக்கமும் கம்பியும் குற்றமற்றவை, குறை பெட்டிக்குள்தான். நண்பன் தலையாட்டினான். "சரி, அந்த மட்டும் ஒத்துக்கறேன்."

கொஞ்ச நேரத்தில் பல்பு தானாக அணைந்தது. அதன்பின் என்ன தட்டியும், ஆட்டியும், கம்பியை நெருடியும் எரியவில்லை. இருவரும் அதன் முன்னால் மணைபோட்டு உட்கார்ந்து, கொக்குபோலக் காத்திருந்தோம். மாலை ரயிலில் சம்பந்தியம்மா கிளம்பிவிடுவார். டிரங்குப் பெட்டி கதவுக்குப் பின்னால் இருந்தது.

மனைவி எங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. குனிந்து என் தோளைத் தொட்டாள்.

"நீங்க சும்மா அத்தயே பாத்துக்கினு இருந்தா எரியாதுங்க. நான் சோறு வடிச்சாத்தான் எரியும்."

"இன்னா?"

"இன்னிக்கி மட்டும் இல்ல. நேத்தும் அப்டித்தான், முந்தாநேத்தும் அப்டித்தான். காலைல இட்லிப் பான தொறந்தாலும் எரியுது. நான்கூட பாப்பாக்கு அரிசி வாசன புடிக்குது போலன்னு நெனச்சேன்."

நண்பன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. நான் அவளிடம் விளக்கு எப்போது எரிகிறது என்று ஒருமுறைகூட விசாரித்ததில்லை. குறையைத் தேடுகிறவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அது நிகழும்போது வேறு என்ன நிகழ்கிறது என்பதுதான். மீட்டரைவிட அந்தக் கேள்வி மலிவு. நாள் முழுதும் அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"தண்ணி கொதிக்க வை" என்றேன். அவள் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஏற்றினாள். ஆவி அலமாரித் தட்டு வரை எழும்பியது. சிறிது நேரத்தில் பல்பு முதலில் செக்கச்சிவந்து, பிறகு முழுசாக எரிந்தது.

எரிந்துகொண்டிருக்கும்போதே, பெட்டியை அசைக்காமல் மூடியைத் திறந்தேன். உள்ளே மின்சாரம் கடத்தாத ஹைலம் பலகை. அதில் வரிசையாகப் பித்தளைக் காதுகள். காதுகளில் பற்றவைத்த மூன்று டிரான்சிஸ்டர்கள். மீட்டரின் முனையை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனேன். மூன்றாவது சரி. இரண்டாவது சரி. முதலாவதில், சும்மா இருக்கவேண்டிய இடத்தில் மின்னழுத்தம் ஏறியிருந்தது. எங்கிருந்தோ ஒரு துளி மின்சாரம் கசிந்து அதற்குள் போய்க்கொண்டிருந்தது. குழந்தையின் அழுகையும் அதே இடத்தில் அதே போன்ற ஒரு துளியாகத்தான் வந்து சேரும். வித்தியாசம் காண அந்த டிரான்சிஸ்டருக்கு வழியில்லை.

"எங்கேர்ந்துடா ஒயுவுது?" என்று நண்பன் குனிந்தான்.

நானும் குனிந்தேன். முதல் டிரான்சிஸ்டருக்கு மேலே, இரண்டு பித்தளைக் காதுகளுக்கு நடுவே, விரல்நுனி அளவுக்கு ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

வியாழக்கிழமை பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்திருந்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆயுதபூஜைக்குப் பிறகு என் மேசைமேல் பொட்டு இல்லாத பொருளே கிடையாது. மீட்டரில் பொட்டு, குறட்டில் பொட்டு, சூட்டுக்கோலின் மரப்பிடியில் பொட்டு, அலுவலகத்தில் அளவுச் சங்கிலியில்கூடப் பொட்டு. வருடாவருடம் அவை தாமாக உதிரும்வரை நான் துடைப்பதில்லை. துடைப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவன். சந்தனம் காய்ந்திருக்கும்வரை அதனால் தீங்கு இல்லை. குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பும் சேர்கிறது, ஈரத்தை இழுக்கும். ஆவி பட்டதும் பொட்டு பதமாகி, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மின்சாரம் கடக்க ஒரு பாலம் போட்டுவிடும். ஆவி அடங்கினால் காய்ந்துபோகும். ஐப்பசி மழை தொடங்கியபின் கேட்கவே வேண்டாம்.

நான் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தேன். சொல்வதா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லாமல் துடைத்துவிட்டிருக்கலாம், ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நான் வாய் திறப்பதற்கு முன்பே என் விரல் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டாள்.

"நான்தான் வெச்சேன்."

"தெரியும்" என்றேன்.

"எல்லாத்துக்கும் வெச்சேன், இதுக்கு மட்டும் வெக்காம இருப்பேனா? இதான எனக்கு மொதல்ல வேணும். பொட்டிமேல வெக்கலாம்னு பாத்தேன். அப்புறம் பொட்டி இன்னா வேல செய்யிது, உள்ள இருக்கறதுதான செய்யிதுன்னு தொறந்து வெச்சேன். அந்த எடம்தான் நெத்தி மாரி இருந்திச்சி." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அதனாலயா?"

"அதனாலதான்."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீரும் இருந்தது.

"தங்கச்சி, நெத்தியில வெச்சது கரெக்டு" என்றான் நண்பன், அவள் முகத்துக்கு நேராக. "ஆனா சாமிக்கி முன்னாடி அது பயப்பட்டுக்கினு எந்நேரமும் கண்ண முழிச்சிக்கினு கீது."

"போங்க அண்ணே!"

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு நானே துடைத்தேன். சந்தனம் முழுவதும் போக மூன்று பஞ்சு ஆயிற்று. காதுகளுக்கு இடையே ஊசியால் சுரண்டி, அடுப்பின் இதமான சூட்டில் பலகையைக் காயவைத்தேன். பிறகு மகளின் நகப்பூச்சை வாங்கி அந்தப் பகுதியெல்லாம் மெலிதாகப் பூசினேன். ஈரம் நுழையாமல் தடுக்க வேறு எதுவும் கையில் இல்லாதபோது நகப்பூச்சு நல்ல காவல். நல்ல சிவப்பு. "இப்பதான் பொம்பள லைட்டு மாரி கீது" என்றான் நண்பன்.

மறுபடி தண்ணீர் கொதித்தது. ஆவியில் பெட்டியே நனைந்தது. பல்பு எரியவில்லை. குழந்தை கூடத்தில் சம்பந்தியம்மா மடியில் விளையாடிக்கொண்டிருந்தது. அழவைக்க யாருக்கும் மனமில்லை. ஆகவே கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டு, நண்பனை முன்னறைக்கு அனுப்பினேன். தொழிற்சாலையில் நாற்பது பேரை அதட்டுகிற அந்தக் குரல், தூளியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "ங்ஙே... ங்ஙே..." என்று அழுதது. பல்பு பளிச்சென்று எரிந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். தூளிக்குப் பக்கத்தில் வழுக்கைத் தலையோடு குந்தியிருந்தவனை அவள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"இன்னாடா கண்ணு, பசிக்குதா?"

"நாஷ்டா குடுக்கவே இல்லியே தங்கச்சி, அழாம இன்னா பண்ணுவேன்?"

கூடத்தில் சம்பந்தியம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். மகளும் சிரித்தாள். குழந்தை, எல்லோரும் ஏன் சத்தம் போடுகிறார்கள் என்று புரியாமல் அழத் தொடங்கியது. அதற்கும் பல்பு எரிந்திருக்கவேண்டும். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்து நண்பன் கிளம்பினான். மாலைவரை மழை விட்டுவிட்டுப் பெய்தது. அந்த மழை நேரம் முழுவதும் பல்பு ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. சம்பந்தியம்மா பெரும்பாலும் சமையற்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பல்பைப் பார்த்தார், அது எரியும்போது மனைவியைப் பார்த்தார். ஒருமுறை பல்பு எரிவதற்கு முன்பே மனைவி எழுந்தாள். "பால் குடிச்சி இவ்ளோ நேரம் ஆச்சி, எழுந்துக்கற நேரம்தான்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் இருக்கும்போது இங்கே பல்பு எரிந்தது. சம்பந்தியம்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

ரயிலுக்குக் கிளம்பும் முன் அவர் மனைவியின் எதிரே வந்து, முகத்துக்கு நேராக நின்றார். அவர் அப்படி நின்று பேசியது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

"நெஜத்த சொல்லணும்னா சம்பந்தி, நம்ம ஊட்ல மாட்டுக்கொட்டாய் பின்கட்டுல கீது. பால் கறக்கப் போனா, முன்னாடி ஊடு பத்திக்கினு எரிஞ்சாகூட எனக்குத் தெரியாது. இத்த நான் யோசிக்கவே இல்ல பாருங்க."

"ஒங்களுக்குத்தான் காது நல்லா கேக்குதே" என்றாள் மனைவி.

"கேக்குது. மாடு கத்தறது கேக்குது." இருவரும் சிரித்தார்கள். பிறகு சம்பந்தியம்மா மகளைப் பார்த்து, "நீதான் பெத்தவ. ஒனக்கு எது மனசுக்கு சரின்னு படுதோ செய்யி. எங்க வுட்டாலும் நான் புதன்கிழமை வந்து பாப்பேன்" என்றார்.

மகள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். சம்பந்தியம்மாவை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு நான் திரும்பியபோது, காலி டிரங்குப் பெட்டி கதவுக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் மறந்து விட்டுவிட்டுப் போனாரா, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாரா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவியும் அதைப் பார்த்தாள். சாப்பிடும்போது மகள் நாளைக்கு எந்தப் புடவை கட்டிக்கொள்வது என்பதைப்பற்றி மட்டும் பேசினாள். மனைவி அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்பார்த்த வார்த்தை எதுவும் அவற்றில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது மகள் எனக்கு முன்பே எழுந்திருந்தாள். முன்னறையில் அவள் கட்டிலை ஒட்டி, கொக்கி மட்டும் காலியாகத் தொங்கியது. குழந்தை பிறந்ததிலிருந்து அந்தத் தூளியை அவள் தன் கைக்கு எட்டாத இடத்தில் கட்டவிட்டதே இல்லை. சமையற்கட்டுப் பக்கம் புகை வரும் என்று சொல்லுவாள். இப்போது சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த நடையில், ஸ்டூல்மேல் ஏறி நின்று, உத்தரத்து வளையத்தில் தூளியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கீழே மனைவி குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பின் முன்னாலிருந்து பார்த்தால் அங்கே குழந்தையின் கால் அசைவது தெரியும்.

"நைனா, ஒயரு நீளமா இருக்கும்ல?" என்று மகள் மேலிருந்தபடியே கேட்டாள்.

"இருக்கும். வெட்டிக்கலாம்" என்றேன்.

அவள் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினாள். நான் பல் துலக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குறட்டை எடுத்துவந்து, முன்னறைச் சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கி, நடைவரைக்கும் போதுமான அளவு வைத்துக்கொண்டு மீதியை வெட்டினேன்.